பழைய லேப்டாப்பைக் கடையில் போடுமுன் இதைப் படியுங்கள்



நீளமான பதிவு. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் வீட்டுக்குப் போய்ப் படியுங்கள். போன முறை ஆரணி ஆற்றைப் பற்றி எழுதியதற்கு ஒருவன், "சார், பெரியபாளையத்தில் கம்பெனி பஸ் ஏறி ஆரம்பித்தேன், சிப்காட் கேட் வந்துவிட்டது, இன்னும் நீங்கள் ஆற்றைத் தாண்டவில்லை" என்று எழுதியிருந்தான். வரலாற்று வாத்தியார் எழுதினால் அப்படித்தான் இருக்கும். இன்றைக்கும் சுற்றித்தான் வருவேன். ஆனால் கடைசியில் உங்களிடம், குறிப்பாக 2012-13 பன்னிரண்டாம் வகுப்பு செட்டிடம், ஒரு காரியமாகக் கேட்க வேண்டியிருக்கிறது. அதனால் பாதியில் விடாதீர்கள்.

என் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பலருக்குத் தெரியும். 2017-இல் வாங்கியது. விண்டோஸ் 10. அந்த விண்டோஸுக்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆயுள் முடிந்தது என்று திரையில் செய்தி வந்துகொண்டே இருந்தது. விண்டோஸ் 11 போடலாம் என்றால், இந்த மெஷின் அதற்குத் தகுதியில்லை என்கிறது. உள்ளே இருக்கும் பிராசஸர் பழைய தலைமுறையாம். எட்டு வருடத்தில் பழையது! எங்கள் வீட்டு கிரைண்டருக்கு இருபத்தாறு வயது. கடையில் கேட்டேன். "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடுங்க சார்" என்றார்கள். பென்ஷன்காரனிடம் சொல்கிற யோசனையா இது?

அப்போதுதான் நம் பழைய மாணவன் ஒருவன், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருப்பவன், ஞாயிற்றுக்கிழமை வந்தான். "சார், மெஷின் நல்லாத்தான் இருக்கு. டிஸ்கைத் துடைச்சிட்டு லினக்ஸ் போட்டுடலாம்" என்றான். துடைப்பது என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏன் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

முதலில், துடைப்பது என்றால் உண்மையில் என்ன நடக்கிறது? எனக்கும் இந்த வயதில்தான் புரிந்தது.

ஹார்ட் டிஸ்க் என்ற பொருளை 1956-இல் ஐ.பி.எம். கம்பெனி முதன்முதலில் கொண்டுவந்தது. ஐம்பது தட்டுகள், ஒவ்வொன்றும் இரண்டடி அகலம், மொத்தம் ஏறக்குறைய ஒரு டன் எடை. நம் வீட்டு பீரோவை விடப் பெரிது. அதில் அடங்கியது ஐம்பது லட்சம் எழுத்து. இன்றைக்கு உங்கள் போனில் எடுக்கும் ஒரு நல்ல போட்டோவுக்கே அது சரியாகப் போய்விடும். 1983-இல் அதே கம்பெனியின் மேசைக் கம்ப்யூட்டரில் 10 மெகாபைட் டிஸ்க் வந்தது. அதன்பின் விலை இறங்க, அளவு ஏற, என் முதல் கம்ப்யூட்டரை 2009-இல் வாங்கியபோது 160 ஜிகாபைட்.

அந்தத் தட்டில் எழுதியிருப்பதைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு பட்டியல் வேண்டும். எந்தக் கோப்பு எந்த இடத்தில் தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்ற குறிப்பு. நமக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால் வருகைப் பதிவேடு. கடைக்காரர் சில நொடிகளில் செய்யும் 'குவிக் பார்மட்' அந்தப் பதிவேட்டை மட்டும்தான் கிழிக்கிறது. பிள்ளைகள் எல்லாரும் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். பெயர் கூப்பிடத்தான் ஆளில்லை. புதுசாக அட்மிஷன் ஆன பிள்ளைக்கு அந்த பெஞ்சைக் கொடுக்கும்போதுதான் பழைய பிள்ளை எழுந்து போகிறான். அதாவது புதுத் தகவல் அதே இடத்தில் எழுதப்படும்போதுதான் பழையது அழிகிறது. அதுவரை, தெரிந்தவன் கையில் கொடுத்தால் மீட்டுவிடலாம். எக்ஸ்பி காலத்தில் முழு பார்மட் என்று மணிக்கணக்கில் ஓடுவதுகூடத் தட்டில் கெட்டுப்போன இடம் இருக்கிறதா என்று பார்த்ததே தவிர, பழையதை அழிக்கவில்லை. விஸ்டாவிலிருந்துதான் முழு பார்மட் எல்லா இடத்திலும் பூஜ்யம் எழுதத் தொடங்கியது. இப்போது வரும் எஸ்.எஸ்.டி. கதை வேறு. அதில் அழித்த இடத்தை மெஷினே சீக்கிரம் காலி செய்துவிடும், மீட்பது கடினம்.

இது எனக்கு 2014-இல் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த வருடம் ஏப்ரல் 8-ஆம் தேதி விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் ஆதரவை நிறுத்தியது. உலகமே அலறியது. வங்கிகளின் ஏ.டி.எம். இயந்திரங்கள்கூட அதில்தான் ஓடிக்கொண்டிருந்தன. நம் மாநில அரசு தன் அலுவலகங்களுக்கு, எக்ஸ்பிக்குப் பதிலாக பாஸ் லினக்ஸ் போடலாம் என்று சொன்னது. நான் மே மாத லீவில் என் பெட்டியை ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் விண்டோஸ் 7 போடச் சொன்னேன். "சி டிரைவை மட்டும் துடையுங்கள், டி டிரைவில் பள்ளிக்கூட போட்டோ எல்லாம் இருக்கிறது" என்று சொன்னதாகத்தான் என் நினைவு. வீட்டுக்கு வந்து திறந்தால் டி டிரைவ் வெறுமையாக இருந்தது. கடைப் பையனைத் திட்டிப் பயனில்லை. நான் தெளிவாக எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், அதற்குமுன் இன்னொரு பிரதி எடுத்து வைத்திருக்க வேண்டும். இரண்டும் செய்யவில்லை. அன்றைக்கே பெட்டியை அணைத்து வைத்திருந்தால் முக்கால்வாசி திரும்பியிருக்கும் என்று இப்போது தெரிகிறது. நானோ மூன்று வருடம் அதன்மேலேயே எழுதிக்கொண்டிருந்தேன்.

நம் முன்னோருக்கும் இந்தச் சங்கடம் உண்டு. ஓலைச்சுவடி சில நூற்றாண்டுதான் தாங்கும். பூச்சி அரிக்கும், ஓரம் உதிரும். புது ஓலையில் பிரதி எடுக்காவிட்டால் நூல் போய்விடும். ஆடிப் பெருக்கில் பழைய ஏடுகளை ஆற்றில் விடுவதைப் புண்ணியமாக நினைத்த வீடுகளை உ.வே. சாமிநாதையர் பார்த்து நொந்திருக்கிறார். அவர் ஊர் ஊராக அலைந்து பல பிரதிகளை ஒப்பிட்டு 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சேற்றினார். ஒரு பிரதியில் உதிர்ந்த இடம் இன்னொரு பிரதியில் மிஞ்சியிருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அந்த அலைச்சல். இதை வகுப்பில் வருடா வருடம் சொல்லிக்கொடுத்த வாத்தியார், தன் போட்டோவுக்கு ஒரே ஒரு பிரதி வைத்திருந்தார்.

சரி, லினக்ஸுக்கு வருவோம். இதைப் பற்றி உறவினர் ஒருவர், "ஏன் மச்சான், அது ஹேக்கர்கள் பயன்படுத்துவதாமே" என்று கேட்டார். அவருக்காகச் சுருக்கமாக. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தைத் தொடங்கினார்கள். 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன், அதேபோல் ஒன்றை யாரும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற உரிமையோடு செய்யப்போவதாக அறிவித்தார். 1991-இல் பின்லாந்தில் 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதற்குத் தேவைப்பட்ட உட்கருவை எழுதினார். நம் செட்டில் பாலிடெக்னிக் முடித்தவர்கள் வயதுதான். இரண்டும் சேர்ந்ததுதான் இன்று நாம் லினக்ஸ் என்று சொல்வது. உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் உட்கருவும் அதுவே. மச்சானும் தினமும் ஹேக்கராகத்தான் இருக்கிறார்.

தமிழ்நாட்டுக் கதை இதைவிட எனக்குச் சுவையானது. 2000-ஐ ஒட்டிய வருடங்களிலேயே பல நாட்டுத் தமிழர்கள் சம்பளமில்லாமல் உட்கார்ந்து லினக்ஸின் திரையைத் தமிழாக்கினார்கள். உபுண்டு என்ற பதிப்பு 2004-இல் வந்தபோது, கேட்டவர்களுக்கு சிடியைத் தபாலில் இலவசமாக அனுப்பினார்கள். உங்களில் ஒருவன் அதை வாங்கிவந்து ஸ்டாப் ரூமில் காட்டியதும், நான் அது வைரஸாக இருக்கும் என்று தொடாமல் விட்டதும் ஞாபகம் இருக்கிறது. மன்னித்துக்கொள்ளப்பா. திருவாரூர் ஆட்சியராக இருந்தபோது மாவட்ட நிர்வாகத்தைக் கணினிக்குக் கொண்டுவந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., பிறகு எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக வந்ததும் அங்கே சூசே லினக்ஸைக் கொண்டுவந்தார். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-இல் வெளிவந்தது. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். பெயரில்தான் அதிகாரம், குணத்தில் சாது.

அடுத்தது நம் மாவட்டத்திலேயே நடந்தது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். திருவள்ளூரை அடுத்த காக்களூரில் முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்ததும் அன்றைக்குத்தான். முதல் வருடத்துக்கு மட்டும் 9 லட்சத்துக்கு மேல் லேப்டாப் என்று கணக்கு. அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளியின் மேல்நிலைப் பிள்ளைகளுக்கும் கல்லூரி, பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கும். ஆடு மேய்த்த வீட்டிலும், வெங்கல் பக்கத்துச் செங்கல் சூளை வீட்டிலும் கம்ப்யூட்டர் போய் உட்கார்ந்தது. இதை இலவசம் என்று கிண்டல் செய்தவர்கள் அந்த வீடுகளுக்குள் போய்ப் பார்த்ததில்லை என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் கமெண்டில் மரியாதையாகச் சொல்லுங்கள்.

நம் பிள்ளைகளுக்கு வந்த லேப்டாப்பில் இரண்டு இயங்குதளம் இருந்தது. சுவிட்சைப் போட்டதும் எது வேண்டும் என்று கேட்கும். ஒன்று விண்டோஸ், அதுவும் டெஸ்க்டாப் படத்தைக்கூட மாற்ற விடாத சின்னப் பதிப்பு. இன்னொன்று பாஸ் லினக்ஸ், எல்லா வசதியோடும். நீங்கள் என்ன செய்தீர்கள்? ஒரே மாதத்தில் கடைக்கு எடுத்துப்போய், இருநூறோ முந்நூறோ கொடுத்து, இரண்டையும் துடைத்துத் திருட்டு விண்டோஸ் போட்டுக்கொண்டு வந்தீர்கள். "பாஸில் படம் ஓடலை சார், கேம் ஓடலை சார்." தப்பு உங்களுடையது மட்டுமில்லை. எங்களுக்கும் அதை ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் முயலவில்லை. பக்கத்துக் கேரளத்தில் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தில் ஆசிரியர்கள் முதலில் கற்றார்கள், பாடப்புத்தகமே லினக்ஸை வைத்து எழுதப்பட்டது, அதனால் அங்கே நிலைத்தது. இங்கே பெட்டி வந்தது, பாடம் வரவில்லை. இருந்தாலும் முளைத்தவர்கள் உண்டு. காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் கிராமத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு இன்றும் வகுப்பு நடத்துகின்றன. 2012 ஜனவரியில் தொடங்கிய 'கணியம்' மின்னிதழில் இதையெல்லாம் நல்ல தமிழில் எழுதுகிறார்கள். இந்த மூன்று வாரத்தில் நான் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

இனி நம் ஞாயிற்றுக்கிழமை. பையன் எடுத்ததும் துடைக்கவில்லை. "முதல்ல சார், இதுல என்னென்ன இருக்குன்னு எழுதுங்க" என்று பேப்பரைக் கொடுத்தான். எனக்கு அவன் வாத்தியார். இரண்டு பிரதி எடுத்தோம், ஒன்று வெளி டிஸ்கில், ஒன்று என் அக்கா மகள் வீட்டுக் கம்ப்யூட்டரில்.

எடுக்கும்போது ஒரு இடத்தில் நின்றுவிட்டோம். 2009-க்கு முன்னால் பள்ளிக் கம்ப்யூட்டரில் நான் தட்டச்சு செய்த கோப்புகள், சிடியில் இருந்ததால் தப்பியவை. பெயர்ப் பட்டியல், ஆண்டுவிழா அறிக்கை, பவானியம்மன் கோயில் ஆடித் திருவிழாவைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய குறிப்பு. எத்தனை வாரம் கூட்டம் இருக்கும், வேப்பஞ்சேலை கட்டுபவர்கள் எங்கிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள் என்றெல்லாம். சொன்ன பெரியவர்களில் ஒருவரும் இன்று இல்லை. திறந்தால் ஒரு வரிகூடப் புரியவில்லை. எல்லாம் ஆங்கில எழுத்தும் கொக்கியும் புள்ளியும்.

காரணம் அந்தக் காலத்து எழுத்துரு. அப்போது கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்து உட்கார்ந்த இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்துவிடுவார்கள். அந்த எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் கிறுக்கல். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு எழுத்தை ஒவ்வொரு இடத்தில் வைத்தது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு நடந்தது. தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்ற குறிமுறைகளும் அங்கேதான் முடிவாயின. உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் யூனிகோடில் 1991-இலேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தது. ஆனால் 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டித்தான் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரமாக ஏற்றது. இடைப்பட்ட பத்து, பதினைந்து வருடத்தில் தமிழ்நாட்டு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் அச்சகங்களிலும் தட்டச்சு செய்யப்பட்டதில் எவ்வளவு இப்படிக் கிறுக்கலாகக் கிடக்கிறதோ. துடைக்காமலே துடைத்தது போலத்தான்.

என் கோப்புகள் தப்பின. பையன் எழுத்துரு மாற்றி ஒன்றை இறக்கினான். எந்த எழுத்துரு என்று எனக்கு நினைவில்லை. நாலைந்தை முயன்று பார்த்ததில் ஒன்று பொருந்தியது. சட்டென்று திரையில் "ஆடி முதல் ஞாயிறு" என்று தமிழ் வந்தது. எங்கள் வீட்டில் காபி கொண்டுவந்தவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்று படித்தார்.

பிறகு எதைப் போடுவது என்ற பேச்சு. நான் பற்றின் காரணமாக பாஸ் என்றேன். அவன் லினக்ஸ் மின்ட் என்றான். 4 ஜிபி நினைவகம்தான் இருக்கிறது, அதன் எக்ஸ்எப்சிஇ பதிப்பு லேசாக ஓடும், விண்டோஸ் மாதிரியே கீழே பட்டன் இருக்கும், உங்களுக்குக் கை பழகும் என்றான். பென்டிரைவில் ஏற்றி, டிஸ்கைத் தொடாமலே அரை மணி நேரம் ஓட்டிக் காட்டினான். பிரிண்டர் வேலை செய்தது. தமிழ்99 விசைப்பலகை வேலை செய்தது. அதன்பிறகுதான் துடைத்தோம். பட்டனை என்னையே அழுத்தச் சொன்னான். பேரன் விளையாடும் கார் கேம் மட்டும் ஓடவில்லை. அவன் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. இந்தப் பதிவை அதில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். எல்லாருக்கும் இது சரிப்படும் என்று சொல்ல மாட்டேன். டேலி போடுகிறவர்கள், குறிப்பிட்ட ஆபீஸ் மென்பொருள் வேண்டியவர்கள் யோசித்துச் செய்யுங்கள். விண்டோஸ் 10-க்கே, அதன் ஆயுள் முடிந்த தேதியிலிருந்து ஒரு வருடம் பாதுகாப்பு நீட்டிப்பு வாங்க வழி வைத்திருந்தார்கள்.

இப்போது நான் கேட்க வந்த காரியம்.

2009 பெட்டியின் பழைய டிஸ்க் பரணில் கிடந்தது. பையன் அதையும் எடுத்துவரச் சொல்லி, மீட்பு மென்பொருளை ஓடவிட்டான். இரவு முழுக்க ஓடியது. காலையில் பார்த்தால் ஆயிரக்கணக்கில் துண்டு துண்டாகப் படங்கள், பெரும்பாலும் இணையப் பக்கங்களின் குப்பை. நடுவில் 2013 ஆண்டுவிழாப் படங்கள் பதினொன்று. அதில் நாலு முழுசு. மற்றவற்றில் மேலே மேடைத் துணியும் சீரியல் பல்பும் தெரிகிறது, அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். புதுத் தகவல் வந்து உட்கார்ந்துவிட்ட இடம்.

அந்த செட்டில் ஒரு பிள்ளை 2016-இல் நைட் ஷிப்ட் முடித்து பைக்கில் திரும்பும்போது கல்கத்தா ரோட்டில் போய்விட்டான். பெயரை இங்கே எழுதவில்லை, உங்களுக்குத் தெரியும். காரியம் முடிந்த மறுநாள் அவன் அம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "சார், பையன் ஆண்டுவிழாவுல ராஜா வேஷம் போட்டானாமே. நான் அன்னிக்கு வேலைக்குப் போயிட்டேன், பார்க்கலை. நீங்க போட்டோ புடிச்சீங்கன்னு சொன்னாங்க." அவரிடம் இருந்தது ஆதார் கார்டு படம் ஒன்றுதான். நான் இல்லை என்று சொன்னேன். ஏன் இல்லை என்று சொல்லவில்லை. அவர் சரி சார் என்று போய்விட்டார். இன்றைக்கும் சந்தையில் பார்த்தால் வணக்கம் சொல்கிறார்.

மீண்ட பதினொன்றில் அவன் இல்லை. ராஜா வேஷப் படத்தை நான் எடுத்தது நிச்சயம். விழா முடிந்த வாரத்தில் உங்களில் ஐந்தாறு பேர் பென்டிரைவ் கொண்டுவந்து எல்லாப் படங்களையும் உங்கள் அரசு லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டதும் நிச்சயம். அந்த லேப்டாப்புகள் இப்போது எங்கே? பரணில், கட்டிலுக்கு அடியில், தங்கச்சி வீட்டில். பேட்டரி போயிருக்கும், திரை உடைந்திருக்கும். பரவாயில்லை. டிஸ்க் மட்டும் இருந்தால் போதும், இரண்டு ஸ்க்ரூ கழற்றி வெளியே எடுத்துக் கேபிள் போட்டுப் படிக்கலாம். கடையில் பார்மட் போட்டிருந்தாலும் எடுத்து வாருங்கள், அதில் புதுசாக எதையும் ஏற்றாதீர்கள், ஆன் செய்துகூடப் பார்க்காதீர்கள். பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டவர்கள் அதையும் சொல்லிவிடுங்கள், எத்தனை பாக்கி என்று எனக்குக் கணக்கு தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். பையனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். கன்னிகைப்பேர் பக்கம் இருப்பவர்கள் போன் செய்தால் நானே வண்டியில் வந்து வாங்கிக்கொள்கிறேன். இந்த செட்டில் இதைப் பார்க்காதவர்களுக்குத் தயவுசெய்து அனுப்புங்கள். அந்த அம்மாவிடம் மட்டும் இப்போதைக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டாம்.